செடி கிளைவிட மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது பூச்சியைப் பற்றி அல்ல. "செடி உயரமா போயிட்டே இருக்கு, கிளையே வரல" என்பதுதான். கையோடு அடுத்த கேள்வியும் வரும்: "என்ன மருந்து அடிக்கலாம்?" பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் மூலையில் ஒரு மொட்டு ஏற்கெனவே இருக்கிறது. அது வளர்வதும் காத்துக்கிடப்பதும் நான்கைந்து விஷயங்களைப் பொறுத்தது: நுனியிலிருந்து கீழே இறங்கும் ஹார்மோன், வேரிலிருந்து மேலே ஏறும் ஹார்மோன்கள், அந்த மொட்டுக்குக் கிடைக்கும் சர்க்கரை, வெளிச்சம், தண்ணீர். எது தடுக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

கீழே உங்கள் செடியின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். வரிசையை மாற்றாமல் பாருங்கள். உரமும் மருந்தும் வாங்கிய பிறகு "நுனியை ஒரு தடவை கிள்ளியிருந்தாலே போதுமே" என்று தெரியவரும் செடிகள் நிறைய.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தக் கம்பு உயிரோடு இருக்கிறது. பழுப்பாகவும் காய்ந்தும் இருந்தால் இல்லை. பச்சை தெரியும் இடம்வரை கீழே இறங்கிப் பாருங்கள். எந்த வைத்தியமும் அந்தப் பச்சைக்குக் கீழேதான் பலிக்கும்.

அடுத்து, இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கணு மொட்டைப் பாருங்கள். கடுகு அளவில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு புடைப்பு தெரிந்தால் மொட்டு தயார். இலை உதிர்ந்த பழைய கணுவில் தழும்புக்கு மேலே சின்ன மேடாகத் தெரியும். அந்த மேடு கறுத்துப்போயிருந்தால் அந்தக் கணுவை நம்ப வேண்டாம்.

கடைசியாக இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. செடியின் அடிப்பகுதியில் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று விரலால் அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் அளவே பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

## அறிகுறி 1: ஒற்றைக் கம்பாக உயர்கிறது, பக்கக்கிளையே இல்லை

கறிவேப்பிலை, முருங்கை, செம்பருத்தி, துளசி, செண்டுமல்லி எல்லாவற்றிலும் வரும் புகார்.

### காரணம் அ: நுனியை யாரும் தொடவே இல்லை

நுனியில் உள்ள இளம் இலைகள் ஆக்சின் என்ற ஹார்மோனைத் தயாரித்துக் கீழே அனுப்புகின்றன. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழே உள்ள மொட்டுகள் அடங்கியே இருக்கும். 1933ல் திமனும் ஸ்கூகும் அவரைக்குடும்பச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாதபோதும் மொட்டுகள் அடங்கியே கிடந்தன. அந்த நுனியை எடுப்பதுதான் உங்கள் முதல் வைத்தியம்.

எப்படி எடுப்பது: இளம் நுனியாக இருந்தால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளினால் போதும். கம்பு முற்றியிருந்தால், வெளிப்பக்கம் பார்த்திருக்கும் ஒரு கணு மொட்டுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். மொட்டை ஒட்டி வெட்டினால் மொட்டும் சேர்ந்து காயும். ரொம்ப மேலே விட்டால் அந்தத் துண்டு காய்ந்து, நோய் உள்ளே இறங்க வழியாகும். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எப்போது எடுப்பது என்பது செடிக்குச் செடி மாறும். செடிமுருங்கையில் (பிகேஎம் 1 போன்ற ரகங்கள்) 75 செ.மீ. உயரம் வந்ததும், அதாவது விதைத்துச் சுமார் இரண்டு மாதத்தில், நுனியைக் கிள்ள வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. செண்டுமல்லிக்கு நட்ட 30ஆம் நாள். செவ்வந்திக்கு நட்ட நான்கு வாரத்தில். தொட்டியில் உள்ள துளசி, செம்பருத்திக்கு ஆறேழு கணு வந்ததும் கிள்ளலாம்.

கறிவேப்பிலைக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் வதைபடுவது அதுதான். சமையலுக்கு வேண்டும்போதெல்லாம் கீழிருந்து ஈர்க்கு ஈர்க்காக உருவி எடுக்கிறோம். நுனி பத்திரமாக இருக்கிறது, அடியில் உள்ள இலைகள் போய்விடுகின்றன. விளைவு, உச்சியில் ஒரு குடுமி, கீழே மொட்டைத் தண்டு. கீழ்நோக்கி இழுத்துப் பிய்க்கும்போது காம்போடு தோலும் உரிந்து, அந்த மூலையில் இருந்த மொட்டும் போய்விடுகிறது. பிறகு அந்தக் கணுவில் கிளை எங்கிருந்து வரும்? இனிமேல் ஈர்க்கு உருவ வேண்டாம். நுனியோடு சேர்த்து ஒரு சாண் கொத்தாக வெட்டி எடுங்கள். ஒவ்வொரு தடவை சமைக்கும்போதும் செடிக்கு ஒரு கவாத்து நடந்துவிடும். உச்சியில் பூங்கொத்து வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள், பழம் பழுக்கும்வரை விட்டால் துளிர் நின்றுபோகும்.

### காரணம் ஆ: வெளிச்சம் போதவில்லை

சோதனை: மேல் கணுக்களின் இடைவெளி அடிக்கணு இடைவெளியைவிட நன்றாக நீண்டிருக்கிறதா? தண்டு ஒரு பக்கமாகச் சாய்கிறதா? இலை வெளிறியிருக்கிறதா? ஆம் என்றால் வெளிச்சம்தான் பிரச்சினை.

சுற்றிலும் வேறு இலைகள் நிழல் தரும்போது வெளிச்சத்தில் சிவப்புப் பங்கு குறைந்து தொலைச்சிவப்புப் (சிவப்பையும் தாண்டிய, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி) பங்கு கூடுகிறது. செடி அதை உணர்ந்து, கிளைவிடுவதை நிறுத்திவிட்டு உயரத்துக்கு ஓடும். அப்போது கணு மொட்டுக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி அதை உறங்க வைக்கிறது. அதனால்தான் நெருக்கமாக வைத்த தொட்டிகளில், வெயில் படும் மாடியிலேயே, செடிகள் ஒற்றைக் கம்பாகப் போகின்றன. தொட்டிகளை ஒன்றின் இலை இன்னொன்றைத் தொடாத தூரத்தில் நகர்த்துங்கள். பூச்செடிகளுக்கு நேரடி வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். நிழல்வலைக்குக் கீழே மல்லியையும் ரோஜாவையும் வைத்திருந்தால் வெளியே எடுங்கள், திடீரென்று அல்ல, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் நுனியை மட்டும் கிள்ளினால் வரும் கிளைகளும் அதேபோல மெலிந்து உயரும்.

### காரணம் இ: வேருக்கு இடமும் சத்தும் இல்லை

மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் பெருமளவு வேரில் தயாராகி மேலே ஏறுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைத்தால் அதன் உற்பத்தி கூடும். தொட்டிக்குள் வேர் சுருண்டு இடமில்லாமல் போனால் குறையும்.

சோதனை: தொட்டியைச் சாய்த்து மண்கட்டியோடு செடியை வெளியே நழுவவிடுங்கள். சுவரை ஒட்டி வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தால் தொட்டி மாற்ற வேண்டும். வெளிவேரில் கால்வாசியைக் கத்தரித்து, ஓர் அளவு பெரிய தொட்டியில், புது மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து வையுங்கள். வேர் வெள்ளையாகத் தாராளமாக இருந்து, அடி இலைகள் மட்டும் மஞ்சளாக இருந்தால் தழைச்சத்துக் குறை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளியவைத்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றலாம்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தாலும் கிளை குறையும். இதில் ஒரு சுவாரசியமான சங்கதி இருக்கிறது. சோளக்காட்டிலும் கரும்பிலும் ஒட்டுண்ணியாக வரும் சுடுமல்லியைப் பல விவசாயிகளுக்குத் தெரியும். பயிரின் வேர் கசியவிடும் ஒரு பொருள்தான் அதன் விதையை முளைக்கத் தூண்டுகிறது. அந்தப் பொருளுக்கு ஸ்ட்ரைகோலாக்டோன் என்று பெயர். அதுவே செடிக்குள் மேலே போய்க் கணு மொட்டுகளை அடக்கும் ஹார்மோன் என்பது 2008ல்தான் வெளிவந்தது. மண்ணில் மணிச்சத்து குறைந்தால் செடி இதை அதிகமாகத் தயாரிக்கிறது: வெளியே, மணிச்சத்தைக் கொண்டுவந்து தரும் வேர்ப் பூஞ்சைகளைக் கூப்பிட, உள்ளே, புதுக்கிளைச் செலவைக் குறைக்க. ஆகவே இலை கரும்பச்சையாக, கொஞ்சம் ஊதா ஓடி, செடி குறுகி, கிளையும் இல்லையென்றால் வேம் என்று விற்கும் வேர்ப் பூஞ்சை உரமும் கொஞ்சம் எலும்புத்தூளும் மண்ணில் சேருங்கள். மேலே தூவிப் பயனில்லை. வேர் இருக்கும் ஆழத்தில் போக வேண்டும்.

### இவற்றின் நுனியை வெட்டவே கூடாது

தென்னை, பாக்கு, பனை, அழகுக்கு வைக்கும் பனைவகைகள். இவற்றுக்கு இருப்பது ஒரே ஒரு குருத்து. கீழே காத்திருக்கும் மொட்டு கிடையாது. குருத்து போனால் அந்தத் தண்டு போச்சு. பப்பாளி வெட்டினால் பக்கக்கிளை விடும், ஆனால் அந்தக் கிளைகள் காய் கனத்தைத் தாங்காமல் பிளந்துவிடும். உயரம் தொல்லை என்றால் குட்டை ரகம் வைப்பதே வழி.

## அறிகுறி 2: நுனியை வெட்டியாயிற்று, ஆனாலும் துளிர்க்கவில்லை

### காரணம் அ: இன்னும் நேரம் ஆகவில்லை

வெதுவெதுப்பான மாதங்களில் ஒரு வாரம் பத்து நாளில் மொட்டு பருக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் துளிராக இரண்டு மூன்று வாரம் ஆகும். மார்கழி, தைக் குளிரில் இன்னும் தாமதமாகும். மொட்டு பருத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பருத்திருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். பொறுமை இழந்து மறுபடி வெட்டுவதும், கையில் கிடைத்த உரத்தைப் போடுவதும்தான் இந்தக் கட்டத்தில் செடியைக் கெடுக்கிறது.

### காரணம் ஆ: இலையே மிச்சமில்லை

வெட்டிய சில மணி நேரத்திலேயே கீழ்மொட்டுகளுக்குச் சர்க்கரை பாய்வதும், விழிப்புக்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்பதும் பட்டாணிச் செடியில் 2014ல் காட்டப்பட்டது. நுனி இருந்தவரை அதுவே உறிஞ்சிக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் மொட்டுக்குக் கிடைக்கிறது. இலை எல்லாவற்றையும் சேர்த்து மழித்துவிட்டால் அந்தச் சர்க்கரையைத் தயாரிக்க ஆளில்லை. இளம் செடி, மெல்லிய தண்டு என்றால் வெட்டுக்குக் கீழே குறைந்தது நாலைந்து நல்ல இலை இருக்க வேண்டும். மல்லி, முருங்கை, ரோஜா போன்ற முற்றிய கட்டை உள்ளவை தாங்கும், கட்டையிலேயே சேமிப்பு இருக்கும்.

இலையே இல்லாமல் நின்றால் நிழலான வெளிச்சத்தில் வைத்து, மண்ணை ஈரமாக மட்டும் வைத்திருங்கள். உரம் வேண்டாம்.

### காரணம் இ: தண்ணீர்

காய்ந்தால் அப்சிசிக் அமிலம் கூடும், மொட்டு உறங்கும். ஊறிக் கிடந்தால் வேர் அழுகும், மேலே எதுவும் ஏறாது. இரண்டுக்கும் மேலே தெரியும் அறிகுறி ஒன்றேதான், இலை தொங்கும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் தொங்குகிறது என்றால், தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். வேரை வெளியே எடுத்து முகர்ந்தால் அழுகல் நாற்றம் வருகிறதா? அழுகிய பாகத்தை வெட்டி, புது மண்ணில் வையுங்கள். வேரில் பாதிக்கு மேல் போயிருந்தால் நல்ல கம்பு ஒன்றைப் பதியன் போட்டுக் காப்பாற்றுவது மேல்.

அக்னி நட்சத்திரத்தில் கடுமையாக வெட்டியிருந்தால் தனியாகக் காரணம் தேட வேண்டாம், அந்த வெயில்தான். பச்சைத்துணி கட்டி நிழல் கொடுத்துக் காத்திருங்கள்.

### காரணம் ஈ: வெட்டிய இடத்தில் மொட்டு இல்லை

மிகப் பழைய கட்டையில், மொட்டுத் தழும்பே தெரியாத இடத்தில் வெட்டினால் சில செடிகள் துளிர்க்காது. நகச் சோதனையில் பச்சை இருந்தும் ஒன்றரை மாதமாக அசைவில்லை என்றால், கொஞ்சம் கீழே, தழும்பு தெளிவாகத் தெரியும் கணுவுக்கு மேலே, புதிதாக ஒரு வெட்டு வெட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வேரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

## அறிகுறி 3: வெட்டினேன், ஒரே ஒரு துளிர் வந்து அதுவே மறுபடி ஒற்றைக் கம்பாகிறது

வெட்டுக்கு உடனே கீழே உள்ள மொட்டு முந்திக்கொண்டது. அது இப்போது புது நுனி. அதிலிருந்து ஆக்சின் இறங்கத் தொடங்கியதும் மற்றவை அடங்கிவிட்டன. செடியில் எந்தக் கோளாறும் இல்லை, வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

முதல் வழி: அந்தப் புதுத்துளிர் நாலு இலை விட்டதும் அதன் நுனியையும் கிள்ளுங்கள். இரண்டாவது கிள்ளலில்தான் பெரும்பாலான செடிகள் அடர்த்தியாகின்றன. வரும் கிளைகளையும் அதே அளவில் இன்னொரு முறை கிள்ளினால் புதர் அமைந்துவிடும்.

இரண்டாவது வழி வெட்டே இல்லாதது: வளைத்துக் கட்டுவது. நீண்ட கம்பைப் படுக்கைவாட்டில் வளைத்து, கயிற்றால் தொட்டி விளிம்பிலோ தரையில் அடித்த முளையிலோ கட்டுங்கள். நுனியின் ஆதிக்கம் தளர்ந்து, கம்பின் மேல்பக்கத்து மொட்டுகள் வரிசையாக எழும். கொய்யாவில் நிமிர்ந்து வளரும் கிளைகளை இப்படி வளைத்துக் கட்டுவது நம் ஊரில் வெகுகாலமாக உள்ள பழக்கம். கொடி ரோஜா, காகிதப்பூ, முல்லை மூன்றுக்கும் இது அருமையாக வரும். எனக்குக் கத்தரியைவிட இந்த வழி பிடிக்கும். ஓர் இலைகூட நஷ்டமில்லை, பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்துவிடலாம்.

மூன்றாவது வழி கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும். உங்களுக்கு எந்த இடத்தில் கிளை வேண்டுமோ அந்த மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, பட்டையில் மட்டும் பிறை வடிவில் ஒரு கீறல் போடுங்கள். கட்டைக்குள் கத்தி இறங்கக் கூடாது, தண்டைச் சுற்றி வரவும் கூடாது. மேலிருந்து வரும் ஆக்சின் அந்த ஒரு மொட்டுக்கு மட்டும் தடைபடும். மா, கொய்யா போன்ற கட்டை வைத்த கிளைகளுக்கு இது சரி. மிளகாய், துளசி மாதிரிப் பச்சைத் தண்டில் செய்யாதீர்கள்.

## அறிகுறி 4: கிளை நிறைய, எல்லாம் நூல் மாதிரி, பூவே இல்லை

குண்டுமல்லிதான் இங்கே முக்கியமான நோயாளி. மல்லி புதுத்துளிரின் நுனியில் பூக்கும். பழைய கம்பையே வைத்துக்கொண்டு பூவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் மொத்தப் புதரையும் வெட்டி, மிச்ச இலைகளையும் உதிர்த்துவிடுவது மல்லித் தோட்டங்களில் உள்ள முறை. முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, 90 செ.மீ. தொட்டிச் செடிக்கு உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், மாதத்தை மாற்ற வேண்டாம்.

வெட்டிய பிறகும் நூல் மாதிரிதான் வருகிறது என்றால் வெயிலைப் பாருங்கள். வெயில் போதும் என்றால் தழைச்சத்து கூடியிருக்கலாம். யூரியாவும் பிண்ணாக்கும் மாறிமாறிப் போட்ட தொட்டிகளில் இது சகஜம். இலை அகலமாக, கரும்பச்சையாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். ஒரு மாதம் எல்லா உரத்தையும் நிறுத்துங்கள். பிறகு சாம்பல்சத்துள்ள (பொட்டாஷ்) உரத்தோடு தொடங்குங்கள்.

இரண்டும் இல்லையென்றால் கிளைகளே அதிகம். உள்பக்கம் நோக்கி வளர்பவை, ஒன்றையொன்று உரசுபவை, பென்சில் ஊக்கைவிட மெலிந்தவை, இவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். முருங்கையை 90 செ.மீ.க்கு வெட்டிவிட்டால் கட்டையைச் சுற்றிலும் துளிர் கொப்பளிக்கும். அத்தனையும் விட்டால் எதுவும் காய்க்காது. நாலு திசைக்கு நாலைந்து தடித்த துளிரை மட்டும் வைத்து மற்றதைக் கையால் உரித்துவிடுங்கள், அவை பொரியலுக்கு ஆகும்.

## அறிகுறி 5: ரோஜாவில் அடியிலிருந்து ஒரு கம்பு மட்டும் வேகமாக வளர்கிறது

நாற்றங்காலில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் காட்டு ரோஜாவின் வேர்மேல் மொட்டு கட்டியது. அடித்தண்டில் முண்டுபோல ஓர் இடம் இருக்கும், அதுதான் ஒட்டு. அந்தக் கம்பு எங்கே தொடங்குகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள்.

ஒட்டுக்கு மேலே என்றால் அதிர்ஷ்டம். அது புது அடிக்கிளை, அடுத்த வருடப் பூ அதில்தான். முழங்கை நீளம் வந்ததும் நுனி கிள்ளுங்கள்.

ஒட்டுக்குக் கீழே என்றால் அது காட்டுத்துளிர். வேரின் சத்தையெல்லாம் அது எடுத்துக்கொள்ளும், சில மாதங்களில் நீங்கள் வாங்கிய ரோஜா காணாமல் போகும். கத்தரியால் மட்டமாக வெட்டினால் அடியில் உள்ள மொட்டுகள் எழுந்து ஒன்றுக்கு மூன்றாக வரும். தொடங்கும் இடம்வரை தோண்டி, கீழ்நோக்கி வலிந்து பிய்த்தெடுங்கள், அடிமொட்டும் சேர்ந்து வர வேண்டும். இலை எண்ணிக்கையை வைத்துக் காட்டுத்துளிரைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வார்கள். அது எல்லா ரகத்துக்கும் பொருந்தாது, தொடங்கும் இடத்தைப் பார்ப்பதே உறுதி.

## அறிகுறி 6: ஒரே இடத்தில் கொத்துக்கொத்தாகச் சின்னஞ்சிறு இலைகள்

இங்கே நிலைமை தலைகீழ். அடங்க வேண்டிய மொட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கட்டவிழ்ந்துவிட்டன. ஹார்மோன் சமநிலையை வெளியிலிருந்து வந்த ஒன்று குலைத்திருக்கிறது.

செம்பருத்தியில் நுனி சுருங்கி முட்டைக்கோஸ் போல முடிச்சிட்டிருந்தால் இலை மடிப்புக்குள் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. அதன் உமிழ்நீர்தான் நுனியை இப்படி முறுக்குகிறது. முடிச்சை இரண்டு கணு கீழே வெட்டி, பாலித்தீன் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மிச்சத்தைக் கழுவி, வேப்பெண்ணெய் 5 மி.லி.யும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். எறும்பு ஏறும் வழியை அடைக்காவிட்டால் மறுபடி வரும்.

கத்தரியில் இலைகள் விரல்நகம் அளவுக்குச் சிறுத்து, காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டி, செடி முழுக்கப் புதர்போல ஆகி, பூ நின்றுவிட்டதா? பூச்சியும் தெரியவில்லையா? அது சிற்றிலை நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் காரணம், தத்துப்பூச்சி பரப்பும். கிள்ளுவதாலும் உரத்தாலும் இது சரியாகாது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மனசு கேட்காமல் வைத்திருந்தால் பக்கத்துக் கத்தரிகளும் போகும். இந்த ஓர் அறிகுறியில் மட்டும் பொறுமை காட்டாதீர்கள்.

மாமரத்தில் பூங்கொத்தோ துளிரோ இப்படிக் கட்டியாகத் திரண்டால் நீங்களே வைத்தியம் பார்க்க வேண்டாம். தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள். பூஞ்சை நோயாக இருக்கலாம். காய்ப்புக்காக வேரில் ஊற்றும் பேக்லோபியூட்ரசால் அளவு மீறினாலும் துளிர் குறுகிக் கொத்தாகும், ஏனென்றால் அது தண்டை நீட்டும் கிப்பரலின் என்ற ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து. முந்தைய வருடங்களில் என்ன, எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை எழுதி எடுத்துப்போங்கள்.

## அறிகுறி 7: நுனி சுருண்டோ வாடியோ நின்றுவிட்டது

கத்தரியில் நுனி மட்டும் திடீரென்று தொங்கினால் தொங்கும் இடத்துக்குக் கீழே ஓட்டை தேடுங்கள். உள்ளே தண்டுதுளைப்பான் புழு இருக்கும். ஓட்டைக்குக் கீழே வெட்டி அழித்தால் பக்கக்கிளை தானாக வரும்.

மிளகாயில் இலை மேல்நோக்கித் தோணிபோலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலந்தி வகை. இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் முதலில் எது என்று பாருங்கள். நுனியை வெள்ளைத்தாளின் மேல் தட்டினால் இலைப்பேன் விழுந்து ஓடும். சிலந்திக்கு நனையும் கந்தகத்தைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம்.

பூச்சியே இல்லை, ஆனால் புது இலைகள் நாடாபோலக் குறுகி, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடி, தண்டு முறுக்கிக்கொண்டதா? தக்காளி, பருத்தி, திராட்சை, கத்தரியில் இது தெரிந்தால் அக்கம்பக்கத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். நெல், கரும்பு வயலில் அடிக்கும் 2,4-டி என்பது செயற்கை ஆக்சின். காற்றில் கொஞ்சம் வந்தாலே இவற்றின் நுனியைக் குலைத்துவிடும். அதே தெளிப்பானைக் கழுவிவிட்டு உங்கள் தோட்டத்துக்கு எடுத்தாலும் இதே கதிதான், கழுவினால் முழுசாகப் போகாது. களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே தீர்வு. லேசான பாதிப்பு என்றால் அடுத்த துளிர்கள் சீராக வரும், அதுவரை தண்ணீர் மட்டும். பெரிய பரப்பில் பாதிப்பு என்றால் செடியைத் தொடாமல் படமெடுத்து, அன்றே வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள். அந்தச் செடிகளின் காயை அவர் சொல்லும்வரை பறித்துச் சமைக்க வேண்டாம்.

## கடைக்காரர் தரும் புட்டிகள்

கிளைக்கு என்று கேட்டால் பலர் நீட்டுவது என்ஏஏ கலந்த பிளானோஃபிக்ஸ். அது ஆக்சின் வகை. பூ, பிஞ்சு உதிர்வதைத் தடுக்க உதவும், கிளைவிட வைக்காது. ஜிப்ரலிக் அமிலம் (கிப்பரலின் வகை) கணு இடைவெளியை நீட்டும், ஏற்கெனவே உயர்ந்து மெலிந்த செடிக்கு அது கெடுதல். சைட்டோகைனின் உண்மையிலேயே மொட்டை எழுப்பும். நுனி இருக்கும்போதே அதைக் கணு மொட்டில் நேரடியாக வைத்தால் மொட்டு விழிக்கும் என்பது 1960களிலேயே பட்டாணியில் தெரிந்துவிட்டது. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பசையாகத் தடவுவதும் அதைத்தான். ஆனால் ஐந்து ரூபாய் செலவில்லாமல் விரலால் முடியும் வேலைக்கு அது வேண்டியதில்லை. தேங்காயிலும் இளநீரிலும் சைட்டோகைனின் இருக்கிறது, தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசல் தெளிப்பவர்கள் தாராளமாகத் தெளிக்கலாம். நுனியைக் கிள்ளிய பிறகு தெளியுங்கள், கிள்ளுவதற்குப் பதிலாக அல்ல.

## ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

ஒரே அறிகுறி ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளில் வேகமாகப் பரவினால், வெட்டு, வெளிச்சம், தண்ணீர், வேர் நான்கையும் பார்த்துச் சரிசெய்த பிறகும் ஒரு பருவம் முழுக்க அசைவில்லை என்றால், அல்லது பெரிய மரத்தில் கைக்கு எட்டாத உயரத்தில் தடித்த கிளை வெட்ட வேண்டியிருந்தால், நீங்களே முயல வேண்டாம். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நேரில் காட்ட, மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ போங்கள். நோய் இல்லை, சத்துக்குறை என்று சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வந்த பிறகு உரம் வாங்குங்கள்.

போகும்போது மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்: செடி முழுதும் தெரிய ஒன்று, கணு மொட்டு தெரிய நெருக்கத்தில் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று. பாதித்த கிளையில் ஒரு சாணும் நல்ல கிளையில் ஒரு சாணும் வெட்டி, ஈரமில்லாத செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். பாலித்தீனில் வைத்தால் போய்ச் சேர்வதற்குள் புழுங்கிவிடும். கடைசியாக எப்போது வெட்டினீர்கள், என்ன உரம் போட்டீர்கள், என்ன தெளித்தீர்கள் என்று தேதியோடு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவையுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.